பளபளக்க ஆசைப்பட்ட தோசைக்கல்

ஒரு சமையலறையில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று இருந்ததாம். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு எப்போதும் பளபளவென்று மின்னும். 'நம்ம மூஞ்சி மட்டும் ஏன் இப்படிக் கருப்பா, எண்ணெய் வழியுது?' என்று கல்லுக்கு ஒரே ஏக்கம்.

"அண்ணே, என்னையும் பளபளன்னு ஆக்கிவிடுங்களேன்" என்று அது கம்பி நாரிடம் கெஞ்சியது. நாருக்குத் தேய்க்கச் சொன்னால் போதாதா? சோப்பைப் போட்டு உரசித் தள்ளிவிட்டது.

மறுநாள் கல் முழுக்கத் துரு. ஊற்றிய தோசை ஒட்டிக்கொண்டு கந்தலாக வந்தது. "இன்னும் ஒரு தடவை பார்ப்பேன். வரலைன்னா பழைய இரும்புக்குத்தான்" என்றாள் வீட்டுக்காரி பூங்காவனம். கல் விசும்பியது.

நறுக்கி வைத்திருந்த அரை வெங்காயம் சிரித்தது. "நீ ஏண்டா அழுவுற? அழவைக்கிறது என் வேலை. சும்மா இரு."

பூங்காவனம் துருவைத் துடைத்து, கல்லைச் சூடாக்கி, நல்லெண்ணெய் விட்டாள். வெங்காயம் எண்ணெயைத் தேய்த்தபடி கல்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. முதல் தோசை கொஞ்சம் முரண்டு பிடித்தது. அடுத்தது, கரண்டி பட்டதுமே முறுகலாக எழும்பித் தட்டுக்குப் போனது.

சாப்பாடு முடிந்ததும் நார் ஓடி வந்தது. "தம்பி, தேய்க்கட்டுமா?"

"எனக்கு வேணாம்ணே. அந்தத் தட்டைக் கவனிங்க. மூஞ்சியெல்லாம் சட்னி!"