மடிப்புக் கலையாமல்

மாசி மாதத்துப் பின்பனி அக்கரப்பத்தனை மலைகளை விட்டு மெல்லவே விலகும். விடியலில் கொழுந்தின் நுனி கருகி நிற்கும். பகலில் காற்று வறண்டு, மலை முழுதும் நோன்பிருப்பதுபோல் ஒடுங்கிக் கிடக்கும். மழையையும் திருவிழாவையும் எதிர்நோக்கும் அந்த நாள்களில்தான் குளவிகள் சினம் மிகுந்து திரியும்.

சனிக்கிழமை, காலை பத்து மணி. பூரணி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, மட்டமாய் வளர்ந்த தேயிலைச் செடியொன்றின் தலைமேல் தான் செய்த மடிப்புப் புத்தகத்தை விரித்து நிறுத்தினாள்.

ஒரே தாள். பசையில்லை, தையலில்லை, மடிப்பே அதற்கு எலும்பு. ஏழு மடிப்பில் ஏழு வாயில்கள் எழுந்து நின்றன. கடைசி வாயிலுக்குள் முத்துமாரி வீற்றிருந்தாள். வாயில்தோறும் பூரணி தானே இயற்றிய துதி, தன் கையெழுத்தில்.

லிந்துலையில் ஷாமிலா டீச்சர் நடத்தும் ஞாயிறு கைவேலை வகுப்பில் கற்றுப் பதினொரு தாள்களைப் பாழாக்கி, பன்னிரண்டாவதில்தான் கைகூடியது. தவறி விழுந்த மடிப்பைத் தாள் மறப்பதில்லை. இன்று பகல் பேருந்தில் டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் கொழும்புக் கண்காட்சிக்குப் போகும். கீழே அவள் பெயர் எழுதியிருக்கும்.

அண்ணன் மனைவி நாகலெட்சுமி, இடுப்பில் கட்டியிருந்த தன் படங்குச் சாக்கை அவிழ்த்து மேட்டில் போட்டுவிட்டு, பார்ப்பதற்கென்றே இறங்கி வந்தாள். ஞாயிறுதோறும் பூரணியின் பிள்ளைகளுக்குச் சோறூட்டுபவள் அவள்தான்.

"ஏன்டி பூரணி, ஒரு சீலைய ஒழுங்கா மடிக்கத் தெரியாது ஒனக்கு. காயிதத்துல கோயிலே கட்டிப்புட்டியே."

அந்தச் சிரிப்பு அடங்குமுன், மேலே வாகை மரத்தில் பருந்தொன்று மோதியது. மரத்தை மென்று தாளாக்கி, அடுக்கடுக்காய்க் குளவிகள் கட்டியிருந்த கூடு கிழிந்து தொங்கியது.

முதலில் இரைச்சல். பிறகு வெயிலை மறைத்த கருந்திரை. பிறகு இமையில், காதுமடலில், உதட்டின் உட்புறத்தில் நெருப்பு.

சரிவெங்கும் பெண்கள் கூடையோடு உருண்டார்கள். ஒருத்தி தன் முகத்தைத் தானே அறைந்தபடி ஓடி மழைநீர்க் கானில் விழுந்தாள்.

நாகலெட்சுமி ஓடவில்லை. போன ஆண்டு கொட்டுப்பட்டு மூன்று நாள் மூச்சுத் திணறிக் கிடந்தவள்; இன்னொரு முறை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழங்காலில் சரிந்து, பூரணியை நோக்கி இரு கைகளையும் நீட்டினாள்.

அங்கே இருந்தது ஒரு சாக்குத்தான். பூரணியின் இடுப்பில் கட்டியிருந்தது.

கை அதை உருவியது. விரித்து, போர்த்தி, அதன்மேல் தன் உடம்பைக் கவிழ்த்து, முத்துமாரியைக் கூவி அழைத்தபடி கிடந்தாள். முதுகில் கொடுக்குகள் இறங்கின, அவள் அசையவில்லை. நாகலெட்சுமியின் அலறல் காதருகே எழுந்தது, குழறியது, நின்றது.

கங்காணி நல்லமுத்து தீப்பந்தத்தோடு வந்தபோது இருவரும் ஒரே செடியடியில் கிடந்தார்கள். தன் உயிரை நினையாமல் மதினியை மூடிக் காத்தாளே என்று அவர் சொன்ன சொல், லொறி போய்ச் சேருமுன் ஆஸ்பத்திரியை எட்டிவிட்டது.

நாகலெட்சுமி பிழைத்தாள்.

தாதி அவள் முகத்தில் மட்டும் நாற்பத்தொரு கொட்டுகளை எண்ணினாள். மூடிக் காத்த முகத்தில் அத்தனை எப்படி ஏறின என்று எவரும் கேட்கவில்லை.

கட்டிலருகே பூரணி அமர்ந்திருந்தாள். மடியில் சுருட்டிய சாக்கு. அதற்குள் ஏழு வாயில்களும் மடங்கி இருந்தன, ஒரு மடிப்பும் கலையாமல்.

விளக்கு வைக்கும் நேரம். வீங்கி மூடிய கண்களோடு நாகலெட்சுமி தலையணைக்கடியில் துழாவித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். அம்மன் பெயரை முணுமுணுத்தாள். தனக்கு இட்டுக்கொள்ளாமல், விரலால் தேடித் தேடிப் பூரணியின் நெற்றியைக் கண்டு பூசினாள்.

"எந் தாயி. நீ நூறு வருசம் நல்லாருக்கணும்."