மேலத்தெருவுக்கு ஒரு சைலன்சர்

"இன்னொரு தடவை முறுக்குங்க பாய்," என்றாள்.

மெக்கானிக் அசன் புல்லட்டின் ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

கடைத் தகரம் அதிர்ந்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

"வேண்டாம். கழட்டிருங்க."

இது மூன்றாவது சைலன்சர். அசனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. புல்லட்டுக்குச் சைலன்சர் மாற்ற வருகிறவர்கள் காது கிழிய வேண்டும் என்பார்கள், மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் முதலில் போட்டதை ஊமை என்றாள். அடுத்தது இருமுகிறது என்றாள். இப்போது இது அதிகப்பிரசங்கியாம்.

பழைய சைலன்சர் வாசலில் கிடந்தது. நடுவில் நசுங்கி, வாய் கோணி. கடப்பாரையால் யாரோ போட்ட போடு.

யாரோ என்ன யாரோ. அவளுக்கு ஆள் தெரியும். வீடும் தெரியும்.

அவள் குடியிருப்புக்குப் போக மேலத்தெரு ஒன்றுதான் வழி. அவள் ஆட்கள் அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. முனையில் அடிபம்பு வந்ததும் இறங்கிவிட வேண்டும். எஞ்சினை அணைத்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கடைசி வீடு வரை உருட்ட வேண்டும். எந்தப் பலகையிலும் இது எழுதியிருக்கவில்லை. கால்களுக்குத் தெரியும்.

அப்பா உருட்டினார். முதலில் சைக்கிள், பிறகு மொபெட். பின்னால் அரிசி மூட்டை இருந்த நாளிலும் உருட்டினார். அவள் சிறுமியாக அந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள்.

மில்லில் ஷிஃப்ட் பார்த்து வாங்கிய புல்லட்டை அவள் உருட்டவில்லை. ஒரே ஒரு நாள் ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் ரேஷன் கடை வாசலில் நின்ற வண்டிமேல் கடப்பாரை விழுந்தது.

அப்பா கடை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே இல்லாததாப் பாத்து வாங்கும்மா."

காலையிலிருந்து இதையேதான் சொல்கிறார். அவருக்குப் பயம். அவளுக்கும் பயம்தான். பயந்தவர்களெல்லாம் உருட்டித்தான் ஆக வேண்டுமா என்ன?

ஊமை சைலன்சரைப் போட்டால் திருடன் மாதிரி நழுவுவதாகிவிடும்.

வெடிப்பதைப் போட்டால் மேலத்தெருக்காரர்களுக்கு இன்னும் வசதி. காதைப் பிளக்கிறாள் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் பேச்செல்லாம் சத்தத்தைப் பற்றியே இருக்கும். தெருவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தச் சாக்கை அவள் கொடுக்கப் போவதில்லை.

அசன் நான்காவதை மாட்டினார்.

"ஏறி உக்காந்து கேளும்மா."

அவள் ஏறவில்லை. பின்னறைக்குப் போனாள்.

"அங்க எங்கம்மா போற?"

"வீட்டுக்குள்ள இருக்கவங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும் பாய்."

கதவைச் சாத்திக்கொண்டாள். டயர் அடுக்குகளுக்கு நடுவே ஆயில் வாடையில் நின்றாள்.

தட்... தட்... தட்.

நிதானமான சத்தம். இந்தச் சுவருக்குப் பக்கத்தில் குழந்தை தூங்கினால் விழிக்காது. பேப்பர் படிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். போவது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதுதான் பாய்."

*

வெயில் தாழ்ந்திருந்தது. அடிபம்பு வந்தது.

அதற்கு முன்னால் ஒரு வேகத்தடை. அவள் வேகத்தைக் குறைத்தாள். வண்டி ஏறி இறங்குவதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா இறங்கிவிட்டார்.

யோசித்து இறங்கவில்லை. கால் இறங்கியது. கை வேட்டியை அவிழ்த்துவிட்டது. பின் கம்பியைப் பிடித்துத் தள்ளக்கூட ஆரம்பித்துவிட்டார், எஞ்சின் ஓடுவதைக் கவனிக்காமல்.

அவள் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

தட்... தட்... தட்.

முதல் வீட்டு கேட் திறந்தது. கடப்பாரைக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்றார். அப்பாவைவிட இளையவர்தான். பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"என்ன சடையாண்டி, வண்டிய அமத்தச் சொல்லு மகள."

எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் வந்தது. அடுத்த வீட்டிலும்.

முறுக்கச் சொல்லி அவள் கை துடித்தது. ஒரே முறுக்கில் தெருவைத் தாண்டிவிடலாம். ஆனால் அப்பா தரையில் நிற்கிறார்.

கண்ணாடியில் பார்த்தாள். பின் கம்பியில் அவர் கை அப்படியே இருந்தது. கடப்பாரைக்காரர்மேல் வராத கோபம் அந்தக் கையின்மேல் வந்தது.

ஏறுங்கள் என்று சொல்லலாம். சொல்லவில்லை. இன்றைக்கு அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டாம்.

தட்... தட்... தட்.

சாவிக்குக் கை போகாமல் காத்திருந்தாள்.

அப்பாவின் கை கம்பியை விட்டது.

அப்பா குனிந்தார். வேட்டி நுனியை எடுத்தார். உதறினார். மடித்துக் கட்டினார்.

கடப்பாரைக்காரரின் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அப்பாவுக்கு முட்டி வலி. முதல் தடவை காலைத் தூக்கிப் போட முடியவில்லை. அவள் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். நேரம் ஆனது. ஆகட்டும் என்று இருந்தது. அத்தனை நேரமும் அந்தச் சத்தம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் தடவையில் ஏறிவிட்டார். அவள் தோளில் கை வைத்தார்.

"மெதுவாவே போம்மா," என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."

கடைசி வீடு வரை அவள் முதல் கியரிலேயே போனாள்.