பார்க்க வேண்டிய இடங்கள்

“இங்கேயும் இல்லப்பா” என்று கலங்கரை விளக்கத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் அந்த வெளியூர்க்காரர். உச்சி வரை ஏறி இறங்கியதில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காலையிலிருந்து மனைவியைக் காணாமல் தவிக்கிற மனிதர், பாவம்.

ஓட்டல் வாசலில் விசாரித்தபோது, அவளை ஏற்றிப்போன டாக்ஸிக்காரரே கிடைத்ததுதான் ஒரே ஆறுதல்.

“இங்கதான் சார் இறக்கிவிட்டேன். இதைப் பாத்தவங்க அடுத்து மீன் காட்சியகம்தான் போவாங்க. வாங்க, பாத்துடலாம்” என்றார் டாக்ஸிக்காரர். வண்டியை எடுத்ததும் கேட்டார்: “போன் பண்ணிப் பாத்தீங்களா?”

“அவ போனு, பர்ஸு எல்லாம் என்கிட்டதான் இருக்கு. எங்க போய் என்ன கஷ்டப்படறாளோ.” குரல் உடைந்தது.

மீன் காட்சியகத்தில் அவர் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிகளின் முன்னால் நின்ற முகங்களைத்தான் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் போட்டோவைக் காட்டிக் கெஞ்சினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா?”

“ஊர் பாக்க வந்தவங்களுக்கு ஸ்டேஷன்ல என்ன சார் வேலை? மியூசியத்தை விட்டுட்டமே.”

மியூசியத்துக்கு நேர்வழி இருக்கிறது. வண்டியோ கடற்கரைச் சாலையை முழுசாகச் சுற்றிக்கொண்டு போனது. வெளியூர் ஆள் மாட்டினால் விட்டுவிடுவார்களா? அழுகிற மனிதரிடம் கூடவா மீட்டரை ஏற்றுவது என்று நமக்குத்தான் வயிறு எரிகிறது.

மியூசியத்திலும் இல்லை. சீட்டில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். “அவ மட்டும் கிடைக்கட்டும். இனிமே வீட்டு வாசலைக்கூடத் தாண்ட விடமாட்டேன்.”

“மனசைத் தளர விடாதீங்க சார். படகுத்துறை பாக்கி இருக்கு.”

படகுத்துறையில் நல்ல கூட்டம். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போட்டோவை நீட்டினார்.

டாக்ஸிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். வெளியூர்க்காரரின் தலை கூட்டத்தில் மறைகிற வரை காத்திருந்து, தன் வீட்டுக்காரிக்குப் போன் போட்டார்.

“அந்தப் பொண்ணுக்குக் கன்னத்து வீக்கம் கொஞ்சம் வடிஞ்சுதா? சரி, ரயில் வந்ததும் அவளை ஏத்திவிட்டுட்டு எனக்குச் சொல்லு. அதுவரைக்கும் இந்தாளுக்கு நான் ஊரைச் சுத்திக் காட்டறேன்.”