ஆட்டம் போட்ட கால்

பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டின் அந்த அடுக்குமாடி சொசைட்டியில், சுந்தரராமனுக்குத் தெரியாமல் ஒரு பால் பாக்கெட்கூட மாடியேறாது. செக்ரட்டரி பதவி கைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

அன்று சமையலறை ஜன்னலோரம் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவரின் காதில் பக்கத்து ஃபிளாட் சாந்தகுமாரியின் குரல் விழுந்தது.

"நாளைக்கு டாக்டர் முன்னால ஒங்க வீரநடையெல்லாம் காட்டாதிய. நான் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன். குறைஞ்சது நாப்பது சதவீதம் ஊனம் இருந்தாத்தான் சலுகை. ரயில் டிக்கெட்டு, பஸ் பாஸ் எல்லாம் அதுக்குப் பொறவுதான்."

"மாடி ஏறுவியான்னு கேட்டா?" என்றான் அவள் கணவன் மாடசாமி.

"கஷ்டம்னு சொல்லுங்க. போன தடவை மாதிரி ஜம்முனு ஏறிக் காட்டிட்டு வராதிய!"

"சரிட்டி. ஆனா சொசைட்டில ஒருத்தனுக்கும் தெரியப்பிடாது."

சுந்தரராமனுக்குப் புல்லரித்துப் போயிற்று. மாடசாமிக்கு ஊனமா? லேத் பட்டறைக்குத் தினமும் விறுவிறுவென்று நடந்து போகிறவனுக்கா? கணபதி ஊர்வலத்தில் டோல் மேளத்தின் அடிக்குத் தெருவே அதிரக் குதித்தவனுக்கா? அந்த ஆட்டத்தை வீடியோ எடுத்ததே இவர்தானே!

மாற்றுத்திறனாளி என்று பொய் சொல்லி அரசாங்கத்தை ஏய்க்கப் பார்க்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் அடுத்த தேர்தலில் செக்ரட்டரி நாற்காலி தானாகத் தேடி வரும்!

மறுநாள் அவர்களைப் பின்தொடர்ந்து ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போய் இறங்கினார். மருத்துவக் குழு இருந்த அறையின் வாசலில் ஓர் ஊழியர் மறித்தார்.

"பரிசோதனைக்கு வந்தவங்கதான் இங்கே காத்திருக்கலாம். உங்களுக்கு என்ன?" என்று மராத்தியில் கேட்டார்.

சுந்தரராமன் ஒரு நொடிதான் விழித்தார். "கால்" என்றார். முகத்தை அஷ்டகோணலாக்கி, இடது காலை இழுத்து இழுத்து நாலு தப்படி நடந்தும் காட்டினார். ஊழியர் மனமிரங்கிப் பெயரைப் பதிந்துகொண்டு, சக்கர நாற்காலி ஒன்றையும் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஊர் நன்மைக்காக ஒரு சின்னப் பொய், பரவாயில்லை என்று சுந்தரராமன் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

மாடசாமியைக் கூப்பிட்டார்கள். கதவை மூடப் போகும் நேரத்தில் சுந்தரராமனுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து உள்ளே பாய்ந்தார்.

"ஏமாறாதீங்க டாக்டர்! இவன் பண்றது சுத்த ஃப்ராடு. ஆதாரம் இருக்கு!" என்று இந்தியில் முழங்கி, போனை நீட்டினார்.

டாக்டர் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். "பிரமாதமான ஆட்டம்" என்றார்.

சாந்தகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்குத்தான் ஆடாதிய ஆடாதியன்னு சொன்னேன். போன தடவையும் வெக்கப்பட்டுக்கிட்டு, பேண்ட்டைக்கூடத் தூக்காம எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டு வந்துட்டிய. இன்னைக்காவது காட்டுங்க!"

மாடசாமி சுந்தரராமனைப் பார்த்து நெளிந்தான். "சார், நீங்க யார்ட்டயும் சொல்லப்பிடாது, என்ன?"

பிறகு பேண்ட்டைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே இருந்த பட்டையை அவிழ்த்து, வலது காலைக் கழற்றி டாக்டரின் மேசைமேல் வைத்தான்.

சுந்தரராமன் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். "எப்போ இது...?"

"பூனாவுக்கு வாரதுக்கு முந்தியே சார். கால் மேல லாரி ஏறிட்டு."

"நாற்பது என்ன, அதுக்கு மேலேயே வரும்" என்று டாக்டர் எழுதத் தொடங்கினார். வாசலில் நின்ற ஊழியரோ காலியான சக்கர நாற்காலியையும் சுந்தரராமனையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்கு அந்த மருத்துவமனையில் போலி ஊனம் என்று போலீசில் பிடித்துக் கொடுக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான்: சுந்தரராமன்!