ஒன்று பாமாவிடம்

"அந்த டிரங்குப் பெட்டி மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் எடுத்துண்டு போங்கோ" என்றாள் பாமா.

சீனிவாசராகவன் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் கல்லூரி நூலகத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. காலமான பேராசிரியர் சேஷகிரியின் காகிதங்களை ஒன்று விடாமல் வாங்கி வரும்படி கமிட்டி அனுப்பியிருந்தது. பெங்களூரின் பொருளாதார வரலாறு என்றாலே சேஷகிரிதான் என்று ஒரே புத்தகத்தால் பேர் வாங்கிய மனிதர். பசவனகுடி வீட்டு வாசலில் ஜட்கா காத்திருந்தது.

"புத்தகத்தோட மூலக் குறிப்பெல்லாம் அதுலதானே இருக்கு? அது இல்லாம மத்ததை எடுத்துக்க மாட்டோம்னு கமிட்டியில சொல்லிட்டா."

"எடுத்துக்கலைன்னா?"

"பழைய பேப்பர்காரன்தான்."

பாமா கூடத்தில் குவிந்திருந்த கட்டுகளைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை பார்த்திருந்தாள். அதில் ஒரு கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. அப்பாவின் முப்பது வருஷத்தை எங்கே வைப்பது?

உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

"குடுக்க மனசில்லாம இல்லை. பின்பக்கத்தை யாராவது பார்ப்பாளேன்னுதான் யோசனை."

சீனிவாசராகவன் சிரித்துவிட்டார். புதுக் காகிதம் வாங்குவதென்றால் சேஷகிரிக்கு உயிர் போகும். யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிடித்த பழக்கம், யுத்தம் முடிந்தும் அவரை விடவில்லை. கூடத்தில் இருந்த கட்டுகளில் ஹரிகதை நோட்டீஸின் பின்னால் ராகி விலை, பரீட்சைத் தாளின் பின்னால் நெசவுக்காரர் கூலி, லால்பாக் பூக்கண்காட்சி விளம்பரத்தின் பின்னால் மாட்டுவண்டி வாடகை.

"அவர் எழுத்தைத்தான் பார்ப்பா. பின்பக்கத்தை யார் பார்க்கப்போறா? அந்தப் புத்தகம் எப்படி வந்ததுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"எப்படி வந்தது? அப்பா பண்ணின தப்புலேர்ந்துதான் வந்தது" என்றாள் பாமா. "கன்டோன்மென்ட் பஜார்ல தானியம் அளக்கற சேர்ப்படி வேற, பேட்டையில அளக்கற சேர் வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுண்டு விலைவாசி பத்திக் கட்டுரை எழுதிட்டார். அது தப்புன்னு ஐம்பத்தொண்ணு சித்திரையில ஒரு ஜர்னல்ல வந்தது. ரெண்டு நாள் அப்பா சாப்பிடலை."

"அதுல எழுதினது தப்பா?"

"சரிதான். அதுதான் அவருக்குத் தாங்கலை. மூணாம் நாள் எழுந்து ரெண்டு சேரையும் பையில போட்டுண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டார். எட்டு வருஷம்! பேட்டையில அவர் குடையைப் பார்த்தாலே, 'சேரு மேஷ்ட்ரு பந்த்ரு', சேர் வாத்தியார் வந்துட்டார்ம்பா."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அந்தக் கறுப்புக் குடை இன்னும் ஆணியில்தான் தொங்கியது. சீனிவாசராகவன் அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எழுதினவர் மேல அவருக்குக் கோபம் போச்சா?"

"புத்தகத்து முன்னுரையில 'என்னைத் திருத்தியவருக்கு நன்றி'ன்னு போட்டார். பேர் போடலை."

"உங்களுக்கு?"

"தினம் இந்த வீட்டுக்கு வந்து போயிண்டிருந்தவர், நேர்லயே அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அச்சுலதான் போடணுமா?"

"சின்ன வயசா இருந்திருக்கும். தன் பேரை அச்சுல பார்க்கணும்னு ஆசை இருந்திருக்கும்."

வாசலிலிருந்து ஜட்காக்காரர் கத்தினார். "சாமி, குதிரை நிக்க மாட்டேங்குது!"

"ஸ்வல்ப இரப்பா!" என்று குரல் கொடுத்துவிட்டு, பாமா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். "அப்பா பழைய பேப்பர்காரன்கிட்டப் போக வேண்டாம். எடுத்துக்கோங்கோ."

பெட்டி திறந்தது. மற்றக் கட்டுகளைப் போல் கந்தல் காகிதம் இல்லை. ஒரே அளவில் தடித்த அட்டைகள், பொடி எழுத்தில் குறிப்புகள். மூடியின் உள்பக்கம் பேராசிரியரின் கையெழுத்து: 'மொத்தம் 300. எழுதியது 299. ஒன்று பாமாவிடம்.'

"அந்த ஒண்ணையும் குடுத்தேள்னா முழுசாயிடும்."

"அதுல குறிப்பு ஒண்ணும் கிடையாது. அப்பாவை எழுத விடலை" என்றாள் பாமா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "அதை மட்டும் தரமாட்டேன்."

சீனிவாசராகவன் மேலே இருந்த அட்டையை எடுத்து மெல்லத் திருப்பினார். ஓரத்தில் தடவிய மஞ்சள் மங்கிப்போயிருந்தது. அடுத்ததையும் திருப்பினார், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் ஒரே அச்சு: '1951ஆம் வருஷம் வைகாசி மாதம் 20ஆம் தேதி, எங்கள் ஏக புத்திரி சௌபாக்கியவதி பாமாவுக்கும், என் அருமை மாணாக்கன் சிரஞ்சீவி சீனிவாசராகவனுக்கும்...'