கல்லறைத் தோட்டத்தில் ஒரு மீட்டிங்

லெஷெக் முழங்காலிட்டு, முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டரின் கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை. லூப்ளினில் அவன் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த சலுகை. எந்த வீட்டிலிருந்து என்று கம்பெனி சொல்லவில்லை. இதுவும் பலருக்கு நிரந்தர வீடுதான்.

கேமராவை அணைத்திருந்தான். மைக்கையும் அணைத்திருந்தான். கை மட்டும் ஓயாமல் தேய்த்தது.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாள்தான். இங்கே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பலர் டப்ளினிலும் சிகாகோவிலும் இருக்கிறார்கள், வர முடியாது. அவர்களுக்காக லெஷெக் கல்லைக் கழுவி, சாமந்தி வைத்து, கண்ணாடி விளக்கு ஏற்றி, போட்டோ எடுத்து அனுப்புவான். அவர்கள் கண்ணீர் விடும் மஞ்சள் பொம்மையைத் திருப்பி அனுப்புவார்கள். அவனுடைய மகள் பல்லில் கம்பி மாட்டியிருப்பது இந்த வருமானத்தில்தான்.

இதிலும் போட்டி வந்துவிட்டது. இந்த வருடம் கீழ் வரிசைகளில் யாரோ புதிதாக இறங்கியிருந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆளை லெஷெக் பார்த்ததில்லை, வேலையைப் பார்த்திருக்கிறான். விளக்குகள் உயரவாரியாக நிற்கும். எல்லா விளக்கிலும் உள்ள சிலுவை ஒரே பக்கம் பார்க்கும். வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்ள வேண்டிய வேலை.

"அடுத்த விஷயம், வெளி வேலை" என்றார் போஷேனா மேடம், காதுக்குள்.

லெஷெக்கின் கை நின்றது.

போஷேனா மேடம்தான் அவனுடைய பிரிவுக்குத் தலைவி. போன மாதம் பக்கத்து மேசை ராடெக்கை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியவர். ராடெக் சாயந்திரங்களில் டாக்சி ஓட்டினான். ஒருநாள் கம்பெனி டைரக்டரே வண்டியில் ஏறிவிட்டார். மேசையில் இருந்த கள்ளிச்செடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ராடெக் கிளம்பிப் போனான். இப்போது லெஷெக்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.

"மறுபடியும் சொல்றேன். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருக்கிறவங்க இப்பவே ஒரு காலை எடுத்துடுங்க. ராடெக்குக்கு நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

லெஷெக்கின் இரண்டு முழங்காலும் சேற்றில்தான் இருந்தன.

"லெஷெக், இருக்கீங்களா? சத்தத்தையே காணோம்."

ஈரக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். மைக்கைத் திறந்தான்.

"இருக்கேன் மேடம். வீட்லதான் இருக்கேன்."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது மதிய மணி அடித்தது.

கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் மணி. அவனுக்கு நேர் மேலே தொங்கியது. மைக்கை மூட விரல் பாய்ந்தது. ஈர விரலுக்குப் போன் மசியவில்லை. மணி ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"யார் வீட்லங்க பூசை?" என்று சிரித்தாள் மார்ஜேனா. அவளுக்கு எதுவாக இருந்தாலும் உடனே தெரிந்தாக வேண்டும். "அதென்ன, ஒவ்வொரு அடியும் ரெண்டு ரெண்டா கேக்குது?"

உண்மைதான். லெஷெக்குக்கும் கேட்டது. வெளியே ஒரு அடி. கொஞ்சம் பொறுத்து, அதே அடி காதுக்குள். தன் மைக்தான் எதிரொலிக்கிறது என்று முதலில் நினைத்தான். ஆனால் அவன் பேசியது எதிரொலிக்கவில்லையே. மணி வேறு யாருடைய மைக்கிலோ புகுந்து வந்துகொண்டிருந்தது.

அது அடிக்கத் தொடங்கியபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

கீழ் வரிசையில், மேப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சள் ரப்பர் கையுறை மாட்டிய ஒரு பெண்மணி முழங்காலிட்டிருந்தார். பக்கத்தில் வாளி, பிரஷ், ஒரு தள்ளுவண்டி. வண்டி நிறைய, இன்னும் பல குடும்பங்களுக்குப் போக வேண்டிய சாமந்தித் தொட்டிகள். அவருக்கு முன்னால் விளக்குகள் உயரவாரியாக நின்றன.

அவரும் தலையைத் தூக்கியிருந்தார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி நிற்பதாக இல்லை.

"என் பக்கம்தான் மார்ஜேனா." அங்கே உதடு அசைந்தது, குரல் இங்கே காதில் வந்தது. "எங்க வீட்டுக்குப் பின்னாடியே கோவில். எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணுங்க. வெளி வேலையைப் பத்தி அடுத்த மாசம் பேசிக்கலாம்."

மேடம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது டயர் கடை. லெஷெக் அவரை ஒருமுறை மழையில் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறான்.

மைக்கை அணைத்தான். வேலை போகவில்லை என்ற நிம்மதியில் உடம்பே லேசானது. அதன் பின்னாலேயே ராடெக்கின் கள்ளிச்செடி ஞாபகத்துக்கு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம். அவனுக்குக் காது வரை சுட்டது.

மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் புகுந்த கிடங்குகளுக்கு இழப்பீடு பற்றி யாரோ வாசித்தார்கள். மேடம் "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே லைட்டரைத் தட்டினார். காற்று பலமாக இருந்தது. மறுபடி தட்டினார். பற்றவில்லை.

பிறகு அவனைப் பார்த்தார். கையுறை போட்ட விரல்களால் காற்றில் ஒரு தீக்குச்சியை உரசிக் காட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் நெருப்புக் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர் பகையாளியாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். அவன் அப்பா காலத்திலும் அப்படித்தான்.

லெஷெக் தீப்பெட்டியை எடுத்து எறிந்தான்.

கொஞ்சம் பலமாகவே எறிந்தான்.