சர்க்கார் கடலை

மல்லசமுத்திரத்தில் செங்கோடன் காட்டில் விளைந்த கடலையை விவசாய அதிகாரி தணிகாசலமே நின்று எடை போட்டார். இருபது பாத்தியில் அவர் கொடுத்திருந்த ஒரு மூட்டை சர்க்கார் விதை, பக்கத்து இருபதில் உள்ளூர் விதை என்பது ஏற்பாடு.

காகிதத்தில் அரைமணி நேரம் கணக்குப் போட்டுவிட்டுத் துள்ளினார்.

"சர்க்கார் விதைதான் ஒசத்தி! இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்றதுக்கு நூத்துல அஞ்சு வாய்ப்புக்கூட இல்லைய்யா. அடுத்த வருஷம் ஜில்லா பூரா இதுதான்!"

"நமக்கு இன்னொரு மூட்டை கெடைக்குங்களா?" என்று கேட்டான் செங்கோடன்.

"ரெண்டே தர்றேன்!"

அவர் சைக்கிள் மறைந்ததும் ராமாத்தாள் புருஷனிடம் குசுகுசுத்தாள். "ஏனுங்க, அந்தச் சர்க்கார் கடலையத்தான் மழை நாள்ல வறுத்துத் தின்னுபோட்டமே? நாப்பது பாத்திக்கும் நம்மூட்டு வெதையத்தானுங்களே போட்டோம்?"

"கம்முனு இரு புள்ள. ரெண்டு மூட்டை வருது. இந்த வாட்டி வெல்லம் வாங்கி உருண்டை புடிச்சுரு."